படத்தின் மேல் பெயர் எழுதியது யார்?

பெற்றோரே, பிள்ளைகள் போன் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. பெற்றோர் கூட்டம் எப்போது நடந்தாலும் யாராவது ஒருவர் எழுந்து அதைச் சொல்கிறார். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். அதிபர் போனைத் தடைசெய்ய வேண்டுமாம், வகுப்பாசிரியர் கண்டிக்க வேண்டுமாம், அரசாங்கம் ஏதாவது சட்டம் கொண்டுவர வேண்டுமாம். கூட்டம் முடிந்து கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு நடந்து வருவதற்குள் அதே ஆட்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு படத்தைத் தட்டிவிட்டிருப்பார்கள். எனக்குப் பிள்ளைகள் மீது வருத்தமில்லை. வருத்தமெல்லாம் உங்கள் மீதுதான். அந்தப் படத்தைப் பார்த்தும் வாய் திறக்காமல் இருந்தவர்கள் மீதும்தான்.

எந்தப் படம் என்று உங்களுக்குத் தெரியும். பூனையும் எலியும் கட்டிப்புரண்டு சண்டை பிடிக்கும் கார்ட்டூன். பெரிய புழுதி மேகம், அதற்குள்ளிருந்து ஒரு கை, ஒரு வால், ஒரு சட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டொம் அண்ட் ஜெரி 1940இல் தொடங்கியது. நாங்கள் சின்ன வயதில் ரூபவாஹினியில் பார்த்துச் சிரித்த அதே சண்டையைப் பார்த்து எங்கள் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். அந்தச் சண்டையில் பகை கிடையாது. இன்றைக்கு நசுங்கிய பூனை நாளைக்கு முழுசாக எழுந்து வரும். அந்தப் படத்தை எடுத்து, பூனையின் தலைக்கு மேல் ஒரு பெயரையும் எலியின் தலைக்கு மேல் இன்னொரு பெயரையும் எழுதிக் கீழே ஒரு வரி போட்டால் மீம்ஸ். பிள்ளைகளுக்கு இது ஐந்து நிமிட வேலை. நாட்டில் நடக்கிற வெட்டிச் சண்டைகள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு படம் போதும்.

முதலாம் தவணையில் எங்கள் வகுப்புக் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். பாடசாலையின் பெயர் இங்கே தேவையில்லை, பாடசாலை செய்த பிழையும் ஒன்றுமில்லை. இல்ல விளையாட்டுப் போட்டி. இல்லச் சோடனைக்குப் புள்ளி போட்டதில் பாரதி இல்லத்துக்கும் இளங்கோ இல்லத்துக்கும் சின்ன வித்தியாசம். தோற்ற இல்லத்துப் பிள்ளைகள் அன்று பின்னேரம் முகம் வாடி நின்றார்கள், அடுத்த நாள் காலையில் மறந்துவிட்டார்கள். மறக்காதவர்கள் பெற்றோர். தோரணம் கட்ட யார் வந்தது, யார் வராமல் நழுவியது, புள்ளி போட்ட ஆசிரியை யாருக்குச் சொந்தம், வர்ணத்தாள் வாங்கச் சேர்த்த காசுக்குக் கணக்கு எங்கே என்று நள்ளிரவு வரை குரல் பதிவுகள் வந்துகொண்டேயிருந்தன. வீட்டுப்பாடம் என்ன என்று பார்க்கக் குழுவைத் திறந்த பிள்ளைகள் அவற்றையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டார்கள்.

அப்போது ஒரு பையன், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவன், அந்தப் பூனை எலிப் படத்தை எடுத்து ஒரு பக்கம் பாரதி, மறுபக்கம் இளங்கோ என்று எழுதினான். கீழே, “ரெண்டு பலூனுக்காக மூன்றாம் உலகப் போர்.” அம்மாவின் போனிலிருந்து குழுவிலும் போட்டுவிட்டான். அந்த வாரம் முழுக்க அந்தக் குழுவில் வந்தவற்றில் புத்தியுள்ள வரி அது ஒன்றுதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். சண்டை எவ்வளவு அற்பம் என்பதை அவன் ஒரே வரியில் காட்டிவிட்டான். இரு இல்லத்தாரும் சிரித்துவிட்டுப் படுக்கப் போயிருக்கலாம்.

போகவில்லை. சற்று நேரத்தில் அதே படம் திரும்பி வந்தது. பாரதியும் இளங்கோவும் அழிக்கப்பட்டிருந்தன. பூனையின் மேல் ‘டவுன்’, எலியின் மேல் ‘தோட்டம்’. கீழே இருந்த வரியை முழுமையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. லயத்தையும் பழக்கவழக்கத்தையும் சேர்த்து எழுதிய வரி என்று மட்டும் சொல்கிறேன். அதைச் செய்தது பிள்ளை அல்ல. ஐம்பது வயதை நெருங்கிய ஒரு தகப்பன். மறுநாள் மறுபக்கத்திலிருந்து பதில் படம் வந்தது, டவுன் கடைக்காரர்களைப் பற்றி. அதற்கடுத்த படத்தில் மதமும் வந்து சேர்ந்துவிட்டது. இல்லச் சோடனை எந்தப் படத்திலும் மிஞ்சவில்லை.

இப்போது கேளுங்கள். விஷயம் பெரிதானதும் முதலில் படம் போட்ட பையனுக்கு வீட்டில் அடி விழுந்தது. போன் பறிக்கப்பட்டது. “நீ தொடங்கினபடியால்தானே இவ்வளவும்” என்று அவனிடம் சொன்னார்கள். பெயரை அழித்து வேறு பெயர் எழுதிய பெரியவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிற ஒரு பெண் பிள்ளை பின்னேர வலைப்பந்துப் பயிற்சிக்கு நிற்பதை விட்டுவிட்டாள். காரணம் கேட்டதற்கு, “பஸ் பிந்துது மிஸ்” என்றாளாம். அதே பஸ் இரண்டு வருடமாக அதே நேரத்துக்குத்தான் போகிறது.

“சும்மா பகிடிக்குத்தான் போட்டது.” இதுதான் அந்தத் தகப்பனின் பதில். இந்தப் பதிலை உங்களில் பலர் ஏற்றுக்கொண்டீர்கள். நான் ஏற்றுக்கொள்ளவில்லை. பையனும் பகிடிக்குத்தான் போட்டான். அவனுடைய பகிடி சண்டையைப் பார்த்துச் சிரித்தது, இவருடைய பகிடி மனிதர்களைப் பார்த்துச் சிரித்தது. இல்லத்தின் பெயரைப் போட்டுக் கேலி செய்தால், அடுத்த வருடம் பிள்ளை வேறு போட்டியில் வென்று பதில் சொல்லலாம். பிறந்த இடத்தைப் போட்டுக் கேலி செய்தால் அந்தத் தோட்டத்துப் பெண் பிள்ளை எந்தப் போட்டியில் வென்று பதில் சொல்வது? அவளுடைய பாட்டனும் பூட்டியும் கொழுந்து பறித்த இடம் அது. அந்தக் கொழுந்து வந்திராவிட்டால் கண்டியில் இத்தனை கடையும் இல்லை. நீங்கள் குடிக்கிற தேத்தண்ணீரும் இல்லை.

போட்டியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. போட்டிக்குப் பேர்போன ஊர் கண்டி. தர்மராஜாவும் கிங்ஸ்வுட்டும் 1893 முதல் கிரிக்கெட் ஆடுகின்றன. நித்தவலையில் றகர் நடந்தால் ஊரே இரண்டாகப் பிரிந்து கத்தும். ஆட்டம் முடிய, கத்தியவர்கள் எல்லோரும் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு போவார்கள். அந்தச் சண்டைக்கு ஒரு மைதானம் உண்டு, ஒரு விசில் உண்டு. போனில் வருகிற சண்டைக்கு விசில் ஊதுகிறவர் யாருமில்லை. குழுவில் இருக்கிற பெரியவர்கள்தான் ஊத வேண்டும்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறவர்கள் இருப்பீர்கள். ஒரு படம், ஒரு வரி, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்பீர்கள். அப்படிக் கேட்பவர் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருந்தால் பொறுமையாக விளக்குவேன். கண்டியில் இருந்துகொண்டு கேட்டால் எனக்குப் பொறுமை இல்லை. 2018ஐ நீங்கள் மறந்துவிட்டீர்களா?

அந்த வருடம் பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் வீதியில் வாகனம் தொடர்பாக ஒரு வாய்த்தர்க்கம். லொறிச் சாரதி ஒருவரை நான்கு பேர் தாக்கினார்கள். கண்டி வைத்தியசாலையில் கிடந்த அவர் மார்ச் மாதத் தொடக்கத்தில் இறந்துபோனார். தாக்கியவர்கள் கைதானார்கள். நீதிமன்றத்தின் கண்ணுக்கு அது ஐந்து ஆட்கள் சம்பந்தப்பட்ட ஒரு குற்றம். பொலிஸ் இருக்கிறது, சாட்சி இருக்கிறது, வழக்கு நடந்து முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சம்பவத்தின் மேல் இரண்டு பெயர்கள் எழுதப்பட்டன. செத்தவர் தலைக்கு மேல் ‘சிங்களவர்’, அடித்தவர்கள் தலைக்கு மேல் ‘முஸ்லிம்கள்’. எழுதப்பட்டது பெரும்பாலும் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும். திகன கடைவீதியில் நடந்துகொண்டே, இந்த ஊர்க் கடைகளெல்லாம் முஸ்லிம்கள் கையில் போய்விட்டன என்று ஒருவர் பேசிய காணொளி ஊர் ஊராகச் சுற்றியது. ஒரு கடைவீதியை எடுத்து ஒவ்வொரு கடையின் தலைக்கு மேலும் இனப் பெயர் எழுதுகிற வேலை அது.

மார்ச் 5ஆம் திகதி திகனவில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. எரிந்த வீட்டுக்குள் சிக்கி ஓர் இளைஞர் உயிரிழந்தார். தெல்தெனிய, மெனிக்கின்ன, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என்று அது பரவியது. ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். மாவட்டத்தில் பாடசாலைகளை மூடினார்கள். 6ஆம் திகதி நாடு முழுவதற்கும் அவசரகால நிலை பிரகடனமானது. 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம் முடக்கப்பட்டன, ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு. அந்த நாட்களில் சிங்கள அயலவர்கள் பலர் முஸ்லிம் குடும்பங்களைத் தங்கள் வீடுகளுக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். பிக்குகள் சிலர் பள்ளிவாசல் வாசலில் போய் நின்றார்கள். அவர்கள் யாரும் அந்தப் பெயர்ப்பலகையை ஏற்றுக்கொள்ளவில்லை.

இன்றைக்குச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் அன்றைக்குச் சின்ன வகுப்பில் இருந்தார்கள். புகை மணத்தது அவர்களுக்கு நினைவிருக்கும், காரணம் தெரியாது. காரணம் சொல்ல வேண்டிய நாங்கள்தான் அவர்கள் இருக்கிற குழுவில் பூனைக்கும் எலிக்கும் ஊரும் மதமும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பேஸ்புக் நிறுவனம் அந்தக் கலவரத்தில் தன் தளம் பயன்பட்ட விதத்துக்காக 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. இரண்டு வருடம் கழித்து. அமெரிக்காவில் இருக்கிற ஒரு கம்பனி அவ்வளவு பிந்தியாவது மன்னிப்புக் கேட்டிருக்கிறது. அந்த நாட்களில் வந்த படங்களையும் வரிகளையும் ஒன்றும் யோசிக்காமல் தள்ளிவிட்டவர்கள் எங்கள் தெருக்களிலேயே இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னார்கள்?

இது போனோடு வந்த வியாதியும் அல்ல. கம்பளையில் வலகாகொட தேவாலயப் பெரஹெரா பள்ளிவாசல் முன்னால் மேளம் அடித்துக்கொண்டு போகலாமா கூடாதா என்ற தகராறு 1912இல் முற்றி, பிறகு வழக்காகியது. 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. ஒரு வீதியில் சில யார் தூரம் மேளம் அடிப்பது பற்றிய வழக்கு! இருபக்கமும் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசியிருந்தால் ஒரு பின்னேரத்தில் முடிந்திருக்கும். அது நடக்கவில்லை. அதே வருடம் மே 28ஆம் திகதி, வெசாக் இரவு, கண்டி காசில் ஹில் வீதிப் பள்ளிவாசல் பக்கமாகப் பக்திப் பாடல் ஊர்வலம் ஒன்று வந்தது. பொலிஸ் அதிகாரி ஊர்வலத்தை வேறு வீதிக்குத் திருப்பிவிட்டார். திரும்பிப் போனவர்களைப் பார்த்து அங்கே நின்றவர்கள் கேலிக்கூச்சல் போட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். போன ஊர்வலம் திரும்பி வந்தது. கண்டியில் பிடித்த தீ கொழும்புக்கும் தெற்குக்கும் போனது. ஜூன் 2ஆம் திகதி வெள்ளைக்காரன் இராணுவச் சட்டம் போட்டான். விசாரணை என்று சொல்லத் தகுதியில்லாத விசாரணைகளுக்குப் பிறகு ஆட்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த இரவில் யாருடைய கையிலும் போன் இல்லை. இருந்தது கேலி மட்டும்தான். கூச்சல் போட்டவர்களும் பகிடிக்குத்தான் போட்டிருப்பார்கள்.

இன்னும் ஒன்று. 2019 மே மாதம், ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குச் சில வாரங்களுக்குப் பிறகு, சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி பேஸ்புக்கில் வந்த வாய்ச்சண்டையில் ஒரே ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்க வேண்டாம், ஒருநாள் அழுவீர்கள் என்ற பொருளில். எங்கள் வீடுகளில் அம்மாமார் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிற பேச்சுத்தான். நாடு பயத்தில் உறைந்திருந்த நேரத்தில் பார்த்தவர்கள் அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டார்கள். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன, ஊரடங்கு போட்டார்கள், எழுதியவர் கைதானார். வடமேல் மாகாணத்தின் வேறு ஊர்களில் அடுத்த நாளே பெரிய வன்முறை. எழுதுகிறவர் என்ன நினைத்து எழுதினார் என்பது அந்த வரியோடு சேர்ந்து போவதில்லை, பெற்றோரே. வரி மட்டும்தான் போகிறது. உங்கள் சிரித்த முகம், உங்கள் நல்ல மனம், “அவன் எனக்குத் தெரிந்த பையன்தானே” என்ற உரிமை எதுவும் கூடப் போவதில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியபோதுதான் எங்கள் பிள்ளைகளில் அநேகமானோர் கைக்குப் போன் வந்தது. அதுவரை ‘போன் தொடாதே’ என்றவர்கள் நகை அடகு வைத்துப் போன் வாங்கிக் கொடுத்தோம். சிக்னல் கிடைக்காத தோட்டங்களில் பிள்ளைகள் மேட்டுக்கு ஏறி, மரத்தடியில் இருந்து பாடம் படித்தார்கள். வகுப்புக்கு வகுப்பு வட்ஸ்அப் குழு அப்போது பிறந்தது. பாடத்துக்காகப் பிறந்த குழு. பாடசாலைகள் திறந்த பிறகு பாடம் வகுப்பறைக்குத் திரும்பிப் போய்விட்டது, குழுவில் பெற்றோர் மட்டும் தங்கிவிட்டோம். பிள்ளைக்காக வாங்கிய போனில், பிள்ளைக்காகத் தொடங்கிய குழுவில், பிள்ளையின் கண் முன்னால் நாங்கள் சண்டை பிடிக்கிறோம். பிறகு பிள்ளை கெட்டுப்போகிறான் என்று அதிபரிடம் முறைப்பாடு.

பகிடியே வேண்டாம் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பகிடி விடத் தெரியாத வீட்டில் பிள்ளை வளர்வது பெரிய துன்பம். எங்களுக்குச் சொந்தமாக ஒரு பகிடி மரபு இருக்கிறது. 1960களில் ‘சிரித்திரன்’ சுந்தர் தொடங்கிய சஞ்சிகையைப் பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். அதன் கார்ட்டூன்களில் வந்த சவாரித் தம்பரும் மிஸிஸ் டாமோடிரனும் எங்கள் வீட்டு ஆட்களாகவே இருந்தார்கள். படத்துக்குக் கீழே இரண்டு வரி, அவ்வளவுதான். அந்த இரண்டு வரியில் எங்களுடைய சீதன ஆசை, வெளிநாட்டு மோகம், வெற்று டாம்பீகம் எல்லாம் வெளியே வந்து நிற்கும். சுந்தர் சிரித்தது தன் சொந்தச் சனத்தைப் பார்த்து. வாசித்தவர்கள் தங்கள் முகத்தையே பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். அடுத்த ஊரானை, அடுத்த மதத்தானை மட்டந்தட்டி அவர் பேர் வாங்கவில்லை. அடி வாங்கிய அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் தெரியாமலேயே அந்த மரபில் ஒரு வரி எழுதியிருக்கிறான். அவனைத் தட்டிக்கொடுத்து இன்னும் நாலு படம் வரைய விட்டிருக்க வேண்டும். இன்றைக்கு அவன் மீம்ஸ் போடுவதில்லை. பகிடியும் விடுவதில்லை என்று அவனுடைய தாய் சொல்கிறார்.

சட்டம் பற்றியும் ஒரு சொல், பயமுறுத்துவதற்காக அல்ல, தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இன, மத வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கோ பாகுபாட்டுக்கோ வழிசெய்வதைக் குற்றமாக்கியிருக்கிறது. தண்டனை 10 வருடம் வரை போகலாம். பிணை கேட்டு மேல் நீதிமன்றம் வரை போக வேண்டும். இந்தச் சட்டத்தைப் பொலிஸார் கண்டபடி பாவித்திருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு நியாயமானது, நானும் அதை ஏற்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், பிள்ளையின் போனிலிருந்து போகிற படத்துக்கு யார் பதில் சொல்வது என்று யோசியுங்கள். சிம் உங்கள் பெயரில். படம் உங்கள் பிள்ளையின் கையில். எழுதியது எவரோ.

“நான் எழுதவில்லை, வந்ததைத்தான் அனுப்பினேன்” என்பது அடுத்த சாட்டு. வட்ஸ்அப் கம்பனியே 2019 ஜனவரியில், வந்த செய்தியை ஒரே தடவையில் 5 இடங்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி கட்டுப்பாடு போட்டது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தி என்றால் ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்குத்தான் என்று இறுக்கியது. காசுக்காக நடத்துகிற கம்பனிக்கே இது கை மீறிப் போவது தெரிந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியவில்லை. கட்டுப்பாடு வந்ததும் படத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் புதிதாக அனுப்பப் பழகிக்கொண்டீர்கள். அந்த வித்தையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நீங்கள்தான்.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை ஒரு படத்தோடு சிரித்துக்கொண்டு வந்தால் பறிக்காதீர்கள், கூட இருந்து பாருங்கள். பூனைக்கு மேல் யாருடைய பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்குரிய பிள்ளை பக்கத்தில் இருந்தால் இதைக் காட்டிச் சிரிப்பாயா என்று கேளுங்கள். பிள்ளைகள் இந்தக் கேள்விக்கு எங்களைவிட நேர்மையாகப் பதில் சொல்வார்கள். காட்டிச் சிரிக்கலாம் என்றால் நல்ல பகிடி, விடுங்கள். காட்ட முடியாது என்றால் அவர்களே அழித்துவிடுவார்கள். அழிக்கும் வரை திட்டவும் தேவையில்லை.

பெரியவர்களுக்கு அவ்வளவு இரக்கம் காட்ட எனக்கு விருப்பமில்லை. குழுவில் ஒருவர் ஊர்ப் பெயரையோ மதத்தையோ சாதியையோ போட்டு ஒரு படம் அனுப்பினால், அன்றைக்கே, அந்தக் குழுவிலேயே, “இதை எடுங்கள்” என்று எழுதுங்கள். தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்வது அவருக்கு மரியாதை. ஆனால் படத்தைப் பார்த்த பிள்ளைக்கு, பெரியவர்கள் எல்லோரும் இதை ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்றுதான் படும். நாற்பது பேர் இருக்கிற குழுவில் ஒருவர்கூட வாய் திறக்காததைத்தான் அந்தத் தோட்டத்துப் பிள்ளை வாசித்திருக்கிறாள். கீழே இருந்த வரியைவிட அந்த மௌனம்தான் அவளை அடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இல்லச் சோடனை, வகுப்புச் சுற்றுலா, கலைவிழாக் காசு, யார் பிள்ளைக்கு மேடையில் முன்வரிசை என்ற சண்டைகளை எழுதித் தீர்க்க முயலாதீர்கள். அவை எழுத எழுத வளர்கின்றன. பாடசாலைக்கு வந்து, ஆளை ஆள் பார்த்துக் கதையுங்கள். நேரில் நின்று சண்டை பிடிக்கிறவருக்கு ஒரு கட்டத்தில் களைப்பு வரும், எதிரில் நிற்பவரின் முகமும் தெரியும். போனில் இரண்டும் கிடையாது. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வாசலிலும் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த வாசலிலும் சந்தைக் கடையிலும் ஒருவரையொருவர் கண்டால் ‘சுகமா’ என்று கேட்கிற ஆட்கள்தானே நாங்கள். போன் கைக்கு வந்ததும் ஏன் வேறு ஆட்களாகிறோம்?

பெயரை அழித்து எழுதிய அந்தத் தகப்பனும் இதை வாசிப்பார். ஐயா, உங்களை அவமானப்படுத்த நான் இதை எழுதவில்லை. உங்கள் பெயரை எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீங்கள் கெட்டவர் அல்ல, விளையாட்டுப் போட்டி நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜூஸ் பக்கற் வாங்கிக் கொடுத்தவர் நீங்கள்தான். ஆனால் ஒரு பிள்ளை நீங்கள் எழுதிய ஒரு சொல்லால் பயிற்சியை விட்டிருக்கிறாள், இன்னொரு பிள்ளை நீங்கள் செய்ததற்கு அடி வாங்கியிருக்கிறான். இரு வீட்டுக்கும் ஒரு அழைப்பு எடுங்கள். மன்னிப்பு என்ற சொல் வாயில் வராவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை எப்படிப் படிக்கிறாள் என்று கேளுங்கள், வலைப்பந்துக்கு வரச்சொல்லுங்கள். மற்றவர்களும் இந்த வாரத்துக்குள் அந்தத் தோட்டத்துப் பிள்ளையின் தாய்க்கு ஒரு அழைப்பு எடுங்கள். இலக்கம் தேட வேண்டியதில்லை, நீங்கள் படம் அனுப்பிய அதே குழுவில் இருக்கிறது.